மறுத்ததும் முடியாததும்

மணி பத்து நாற்பது, பதினொன்றுக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள், இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது, லிஃப்ட் கதவு மூடும்போது வாலன்டினா என்னைப் பார்த்துச் சிரித்தாள், சிரித்தாளா சிரிக்கப் பார்த்தாளா, முகம் முழுதாகத் தெரிவதற்குள் கதவு சேர்ந்துவிட்டது. கையில் நீலக் கோப்பு. கோப்புக்குள் நேற்றுச் சாயங்காலம் நான் சொல்லச் சொல்ல அவள் தன் கையெழுத்தில் எழுதிய கடிதம், இரண்டு பிரதி. ஒன்று ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு, ஒன்று அவளுக்கு. அவளுடைய பிரதியில் தேதியோடு ரப்பர் ஸ்டாம்ப் வாங்காமல் கீழே இறங்காதே அம்மிணி என்று மூன்று முறை சொல்லி அனுப்பியிருக்கிறேன். நாற்பத்தைந்து வருடச் சங்க வாழ்க்கையில் சேர்ந்த ஒவ்வொரு ஆளுக்கும் நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது, முதலாளி நேற்றுச் சொன்னதை இன்று சொல்லவில்லை என்பான், சீல் போட்ட நகலை அப்படிச் சொல்ல முடியாது. அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். முப்பத்தாறு வயது, பதினோரு வருடம் இதே ஆஸ்பத்திரியில் நர்ஸ், எத்தனையோ பேரின் கடைசி மூச்சைப் பக்கத்தில் நின்று பார்த்தவள், அப்பன் சொல்வதற்கெல்லாம் இன்னும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டுகிறாள். இந்த நாற்காலி இரும்பு, நடுவில் துளை துளையாக, உட்கார்ந்ததும் குளிர் இடுப்பில் ஏறுகிறது. எதிரே சுவரில் சிவப்பு எழுத்தில் டோக்கன் எண் ஓடுகிறது, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பெண் குரல் இங்கிலீஷில் ஒரு தடவை தமிழில் ஒரு தடவை, இரண்டிலும் அன்பே இல்லாத அன்போடு. தரை துடைக்கிறவள் என் காலுக்கு முன்னால் வந்து நின்றாள், காலைத் தூக்கினேன், துடைத்துவிட்டுப் போனாள். இவளுக்கும் சங்கம் இருக்காது. நானூறு பேர் வேலை பார்க்கிற இடம், ஒரு கொடி இல்லை. எங்கள் காலத்தில் இப்படியா.

நடந்தது இதுதான், நான் அதைத் திரும்பத் திரும்ப மனதுக்குள் ஒழுங்காக அடுக்கிப் பார்க்கிறேன். இரண்டு வாரத்துக்கு முன்பு மத்தியான ஷிப்ட். நான்காம் மாடி வார்டில் பத்தொன்பது நோயாளிகள், பார்க்க இவள் ஒருத்தி. மூன்றாம் மாடிக்கு வரவேண்டிய நர்ஸ் வரவில்லை. அந்த வார்டையும் சேர்த்து நீயே பார் என்று சூப்பர்வைசர் ஜெசிந்தா போனில் சொல்லியிருக்கிறாள். இவள் சொன்னது, எனக்கு அப்படியே நினைவிருக்கிறது, வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே சொன்னாளே, "முடியாதுங்க சிஸ்டர், ரெண்டு பேருக்கு டிரிப் ஓடிட்டிருக்குது, ஒருத்தருக்கு மூச்சு வாங்குது, இவங்களை விட்டுட்டு நான் எப்படிங்க இறங்கி வருவேன்." ஜெசிந்தா போனை வைத்துவிட்டாள். அரை மணி நேரத்தில் மூன்றாம் மாடியில் ஒரு கிழவர் பாத்ரூம் போக யாரையோ கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, தானே கட்டிலை விட்டு இறங்கி, விழுந்து, இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. கிழவரின் மகன்கள் வந்து சத்தம் போட்டார்கள். நிர்வாகத்துக்கு ஒரு ஆள் வேண்டும், எப்போதும் வேண்டும், மேலேயிருந்து ஒரு பழி இறங்கி வந்தால் அது கடைசிப் படியில் நிற்கிறவளிடம்தான் வந்து சேரும். மெமோ கொடுத்தார்கள். இன்று பதில். பதில் சரியில்லை என்றால் வேலை போகும். வேலை போவது பெரிதில்லை என்று ஒரு காலத்தில் மேடையில் சொல்லியிருக்கிறேன், ஆனால் இவளுக்கு வேலையோடு பெயரும் போகும், கவனிக்காமல் விட்டு ஒரு கிழவரை விழவைத்தவள் என்று அனுப்பினால் இந்த ஊரில் எந்த ஆஸ்பத்திரி வாசலிலும் ஏறமுடியாது. அவளுக்குத் தெரிந்தது இந்த ஒரு வேலை. காய்ச்சல்காரன் நெற்றியில் கை வைத்தாலே எத்தனை டிகிரி என்று சொல்லிவிடுவாள். அவள் அம்மா பாப்பாத்தி கடைசியில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது நான் பார்த்தேனே அந்தக் கையை. பாப்பாத்திக்கு வாலன்டினா என்ற பெயரே வாயில் நுழையவில்லை, வள்ளி என்றுதான் கூப்பிட்டாள் சாகும்வரை. விண்வெளிக்குப் போன முதல் பெண்ணின் பெயர் இது தெரியுமா என்று நான் கத்துவேன். அவ எங்கயோ போகட்டுங்க, எம்புள்ள வூட்டுல இருந்தாப் போதும் என்பாள்.

கடிதம் நல்ல கடிதம். அதில் சந்தேகமில்லை. எட்டாம் வகுப்பு படித்தவன் எழுதிய கடிதம் என்று யாராலும் சொல்ல முடியாது. மேலே ஐந்தாம் மாடியில் உட்கார்ந்திருக்கிற எம்.பி.ஏ.க்காரர்களுக்கு ஒரு வார்த்தைக்கும் இன்னொரு வார்த்தைக்கும் வித்தியாசம் தெரியாது, கம்ப்யூட்டர் சொல்வதை அப்படியே ஒட்டுகிறார்கள். நான் அப்படிப் படித்தவனில்லை. சைக்கிள் கடை மாடியில் சங்க ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை காலை, பாங்க்கில் கிளார்க்காக இருந்த தோழர் எட்வின் கரும்பலகையில் நடுவே ஒரு கோடு கிழிப்பார், இந்தப் பக்கம் ஒரு வார்த்தை அந்தப் பக்கம் ஒரு வார்த்தை. ஹியர், லிஸன். காதில் விழுந்தால் ஹியர், காது கொடுத்தால் லிஸன், முதலாளிக்கு நம் கோரிக்கை எப்போதும் ஹியர்தான் தோழர்களே என்பார், எல்லாரும் சிரிப்போம். அலோன், லோன்லி. தனியாக இருப்பது, தனிமையாக இருப்பது. ரிக்வெஸ்ட், டிமாண்ட். டிஸ்சார்ஜ், டிஸ்மிஸல். லே-ஆஃப், ரிட்ரெஞ்ச்மெண்ட், கொஞ்ச நாள் நிறுத்திவைப்பது, ஒரேயடியாக ஆளைக் குறைப்பது. ரெக்ரெட் என்றால் நடந்ததற்கு வருத்தம், அபாலஜி என்றால் நான் செய்ததற்கு மன்னிப்பு, ரெக்ரெட் எழுதிக் கொடு, அபாலஜி எழுதிக் கொடுக்காதே. துண்டுப் பிரசுரத்தின் பின்பக்கங்களில் எழுதி வைத்துக்கொள்வேன். மில்லில் நூல் நூற்கிற ஸ்பின்னிங் பகுதியில் நின்றுகொண்டு அறுந்த நூலை ஒட்டும்போதெல்லாம் வாய் முணுமுணுக்கும். இரண்டே வருடத்தில் மில்லுக்கு வருகிற ஒவ்வொரு இங்கிலீஷ் காகிதமும் முதலில் என் கைக்கு வரும் என்று ஆகிவிட்டது. சென்னியப்பண்ணன் படிச்சுச் சொல்லட்டும். சென்னியப்பண்ணன் என்ன வார்த்தை போடறாரோ அதுதான். நேற்றுச் சாயங்காலமும் அப்படித்தான், இத்தனை வருடம் கழித்து ஒரு ஆள் என் முன்னால் காகிதத்தோடு உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல எழுதினாள். எனக்குக் குரல்கூட மாறிவிட்டது, அது எனக்கே தெரிந்தது. அந்த ஒரு இடத்தில் மட்டும் பேனாவை நிறுத்தினாள். "ரெஃப்யூஸ்டா போடறீங்க? நான் மறுக்கலையேப்பா. முடியலைன்னுதானே சொன்னேன். அன்ஏபிள்னு போட்டாப் பத்தாதா?" நான் சொன்னேன், அன்ஏபிள் என்பது கை கால் விளங்காதவன் சொல்கிற வார்த்தை அம்மிணி. அன்ஏபிள் என்றால் உன்னிடம் குறை. ரெஃப்யூஸ்ட் என்றால் உன்னிடம் நியாயம். உழைக்கிறவன் முடியலைன்னு கெஞ்சக்கூடாது, மாட்டேன்னு சொல்லோணும். "உங்களுக்குத்தானே தெரியும்" என்று சொல்லிவிட்டு ரெஃப்யூஸ்ட் என்றே எழுதினாள். உங்களுக்குத்தானே தெரியும். அதில் கோபம் இருந்ததா. இல்லை, அவளுக்கு என்மேல் கோபம் வராது, வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அண்ணா, இதக் கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?" பக்கத்து நாற்காலிக்காரி. ஐம்பது வயதிருக்கும், மடியில் ஸ்கேன் கவர், கையில் ஆஸ்பத்திரி கொடுத்த ஒரு ஃபாரம். என் சட்டைப்பையில் பேனாவைப் பார்த்திருப்பாள், பேனா வைத்தவனிடம்தான் கேட்பார்கள். வாங்கிக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தேன். அட்மிஷன் என்ற கட்டத்தில் டிக் இல்லை, அப்சர்வேஷன் என்ற கட்டத்தில் இருக்கிறது. வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி என்று விடியக்காலையில் கூட்டி வந்தாளாம். நான் விளக்கினேன், அட்மிஷன் என்றால் சேர்த்துக்கொண்டார்கள், அப்சர்வேஷன் என்றால் சேர்க்கவில்லை, வைத்துப் பார்க்கிறார்கள், இரண்டும் வேறு, இன்ஷூரன்ஸ் இருந்தால் போய்க் கேளுங்கள். கேட்டுவிட்டு அவள் யோசித்தாள். "பாத்துக்கிட்டிருப்பாங்களா, இல்ல பாத்துக்குவாங்களாண்ணா?" ஃபாரத்தை இன்னொரு தடவை புரட்டினேன். "ஏன் கேக்கறேன்னா, எங்க மாமியா எங்க மாமனாரைப் பத்து வருசம் பாத்துக்கிட்டேதான் இருந்துச்சு. ஒரு நாள் பாத்துக்கலை" என்று சொல்லித் தானே சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு ஃபாரத்தை வாங்கிக்கொண்டு, "எதுல வேணா டிக் பண்ணட்டும். எந்திரிச்சு உக்காந்தாரோ இல்லியோ, அதச் சொல்லச் சொல்லுங்க" என்று கவுண்டரைப் பார்த்துப் போனாள். கெட்டிக்காரி. எட்வின் இருந்திருந்தால் கரும்பலகையில் எழுதியிருப்பார். எந்திரிச்சாரோ இல்லியோ. நடந்தது என்ன, அதைச் சொல். அவளுக்கு வார்த்தை பற்றிக் கவலையில்லை, நடந்தது தெரிந்தால் போதும். நடந்தது என்ன. வாலன்டினா மறுத்தாளா, அவளால் முடியவில்லையா. இரண்டு பேருக்கு டிரிப், ஒருவருக்கு மூச்சுத் திணறல், அவளால் இறங்கி வர முடியவில்லை. அவள் மறுக்கவில்லை. யாரும் மறுக்கவில்லை. நான்தான் மறுத்தேன், நேற்றுச் சாயங்காலம் ஆறரை மணிக்கு, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துகொண்டு, அவளுக்குப் பதிலாக.

மணி பத்து ஐம்பத்திரண்டு. ரெஃப்யூஸ்ட் என்று எழுதினால் மேலதிகாரி சொன்னதைச் செய்யமாட்டேன் என்றாள் என்று அர்த்தம். அவர்கள் வேறெதையும் நிரூபிக்க வேண்டியதில்லை, அவளே எழுதிக் கொடுத்துவிட்டாள். அன்ஏபிள் என்று எழுதியிருந்தால் பத்தொன்பது பேருக்கு ஒருத்தியை நிறுத்தினது யார் என்ற கேள்வி அவர்கள் பக்கம் திரும்பியிருக்கும். இது எனக்குத் தெரியாதா. இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இப்படி ஒரு வார்த்தையைச் சுமந்துகொண்டு முன்பு ஒரு தடவை வக்கீல் சேஷகிரியின் ஆபீஸ் படிக்கட்டில் இறங்கியிருக்கிறேன். அங்கே போகாதே. மனதை அங்கே விடாதே. டோக்கன் நூற்றுப் பதினேழு. யாருடைய குழந்தையோ அழுகிறது. எழுந்து போய் லிஃப்ட்டில் ஏறி ஐந்தை அழுத்தினால் போதும், இன்னும் எட்டு நிமிடம் இருக்கிறது, போய் என்ன சொல்வேன், கடிதத்தைக் கொடுக்காதே, உன் அப்பன் தப்பாக எழுதிவிட்டான் என்றா. தப்பில்லை. வார்த்தை தப்பில்லை. அது மானமுள்ள வார்த்தை. எண்பத்து நாலில் போட்டதும் மானமுள்ள வார்த்தைதான்.

சரி, போனால் போகட்டும், அங்கேயே போகிறேன். எண்பத்து நாலு, பொங்கல் கழித்து மூன்றாம் நாள், காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறோம், மில் கேட்டில் பூட்டு. உள்ளே வாட்ச்மேன் கம்பி வழியாகப் பார்க்கிறான், "ஆர்டருங்கண்ணா, என்ற கையில ஒண்ணுமில்லீங்க" என்கிறான். பனி. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு நிற்கிறார்கள். எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். நானும் கமிட்டியும் இரண்டு நாள் கழித்து ஸ்ட்ரைக் அறிவிப்பதாக இருந்தது, போஸ்டர் அச்சாகி சைக்கிள் கடை மாடியில் கட்டாகக் கிடந்தது, முதலாளி முந்திக்கொண்டான். எனக்குக் கோபத்தைவிட அவமானம்தான் அதிகம், அதை யாரிடமும் சொன்னதில்லை. மாப்பிள்ளை வருவதற்குள் கல்யாண மண்டபத்தைப் பூட்டினது மாதிரி. அன்று மத்தியானமே லேபர் ஆபீசருக்குக் கடிதம் எழுதினேன். தொழிலாளர்களாகிய நாங்கள் பதினெட்டாம் தேதி காலை முதல் ஸ்ட்ரைக்கில் இருக்கிறோம். இங்கிலீஷில், அழகான இங்கிலீஷில். ஸ்ட்ரைக், லாக்-அவுட், எட்வினின் கோட்டுக்கு இரண்டு பக்கம் இருந்த வார்த்தைகள், முதல் வாரமே படித்தவை. தொழிலாளி நிறுத்தினால் ஸ்ட்ரைக். முதலாளி பூட்டினால் லாக்-அவுட். நடந்தது லாக்-அவுட். பூட்டு அவன் பூட்டு, சாவி அவன் சாவி. ஆனால் அந்த வார்த்தையை எழுதப் பேனா நகரவில்லை. பூட்டி வெளியே நிறுத்திவிட்டார்கள் ஐயா என்று எழுதுவதா, வாசலில் நிற்கிற பிச்சைக்காரன் மாதிரி. நிறுத்தியது நாங்கள் என்று எழுதினேன். இரண்டு பிரதி. ஒன்றில் சீல் வாங்கினேன். பதினோரு வருடம் கழித்துத் தீர்ப்பு வந்தது, நோட்டீஸ் கொடுக்காமல் நடந்த சட்டவிரோத ஸ்ட்ரைக், சங்கமே தன் கைப்பட ஒப்புக்கொண்டிருக்கிறது, ஒருவருக்கும் ஒரு ரூபாய் நஷ்டஈடு கிடையாது. சேஷகிரி ஃபைலைத் திருப்பி என் கடிதத்தைக் காட்டினார். "கேட்டைப் பூட்டினது யாரு சென்னியப்பன்?" "அவனுங்கதான் சார்." "பின்னே ஏன்யா இப்படி எழுதினே?" நான் அந்தத் தாளை ஃபைலுக்குள் தள்ளினேன். அவர் நல்ல மனிதர், ஃபைலைக் கட்டி வைத்துவிட்டு, "சரி, இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்" என்றார். இருந்தது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், இப்போது ஒருவனோடு இருக்கிறது. படிக்கட்டில் இறங்கி வந்தேன், கீழே ரோட்டில் நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள், கோர்ட்டு முதலாளிகளின் கோர்ட்டு தோழர்களே என்றேன். கைதட்டினார்கள். கைதட்டினார்கள். திருமூர்த்தி முன்னால் நின்று தட்டினான், மில்லில் பஞ்சு சீவுகிற கார்டிங் பகுதியில் என்னோடு வேலைக்குச் சேர்ந்தவன், தட்டிவிட்டு அருகே வந்து, "அண்ணா, அவனுங்கதானே பூட்டுனானுங்க, அப்பறம் எப்படிங்க நம்ம மேல திருப்புனானுங்க? எதோ வார்த்தைங்கறாங்களே, எந்த வார்த்தைங்கண்ணா?" என்று கேட்டான். அது உனக்குப் புரியாது திருமூர்த்தி, சட்ட விஷயம் என்றேன். சரிங்கண்ணா என்றான். மில்லை இடித்துக் கட்டின அடுக்குமாடி வீட்டுக்கு வாட்ச்மேனாகப் போனான் அவன். அதே கேட் இருந்த இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான், நான் பஸ்ஸில் போகும்போது எழுந்து நின்று கும்பிடுவான். நான் அந்தப் பக்கம் பஸ்ஸில் போவதையே விட்டுவிட்டேன்.

பதினொன்று மூன்று. போன் போட்டேன், அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்கிறது, உள்ளே போகும்போது வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று சொல்லியிருந்தாள். எழுந்துவிட்டேன். லிஃப்ட்டுக்கு முன்னால் செக்யூரிட்டி, நீலச் சட்டை, எனக்கு நாலைந்து வயது இளையவன். "பெரியவரே, பாஸ் இருக்குங்களா? அஞ்சாவது மாடி ஆபீசுங்க, பேஷண்ட் பார்ட்டிக்கு அலோ இல்லீங்க." ஒரு காலத்தில் போலீஸ் கம்பைக் கையால் பிடித்து நிறுத்தியவன் நான், ஒரு பாஸுக்காகவா நிற்பேன், தள்ளிவிட்டுப் போயிருப்பேன், போயிருக்கலாம், ஆனால் அவன் சொன்னது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்று நினைத்தால் கூசுகிறது. சரிப்பா என்று திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். என்னால் முடியவில்லையா, நான் மறுத்தேனா. இன்னும் கொடுத்திருக்க மாட்டாள். முதலில் உட்காரவைத்துப் பேசுவார்கள். பேசட்டும். கடைசியில்தான் கடிதம். மணி பதினொன்று பத்து. பதினொன்று பதினாறு. இல்லை, அவர்கள் அவ்வளவு கூர்ந்து படிக்கமாட்டார்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வார்த்தையில் ஏது அக்கறை, மேலோட்டமாகப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள், என் கடிதத்தை யாரும் ஒழுங்காகப் படிக்கக்கூடாது என்று வேண்டிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டேன் பார். யாரை வேண்டிக்கொள்கிறேன், எனக்குத்தான் சாமி என்று ஒருவரும் இல்லையே. பாப்பாத்தி இருந்தால் கோயில் கோயிலாக வேண்டியிருப்பாள். அவள் அந்தப் பதினோரு வருடமும் பனியனுக்குக் கை மடித்துத் தைத்தாள், விரல் நுனியெல்லாம் ஊசி. ஒரு நாள்கூடத் தீர்ப்பைப் பற்றி அவளிடம் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. கேட்காமலே தெரிந்துகொண்டிருப்பாளோ. தெரிந்துகொண்டுதான் சோறு போட்டாளோ.

லிஃப்ட் திறந்தது, வாலன்டினா. பதினொன்று இருபத்தைந்து. இந்தத் தடவை நிஜமாகச் சிரிக்கிறாள். வேகமாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கோப்பைத் திறந்து காட்டினாள். "சீல் வாங்கிட்டேம்ப்பா. தேதி, நேரம் எல்லாம் போட்டுக் குடுத்தாங்க." ஊதா மை, இன்னும் முழுதாகக் காயவில்லை. "எச்.ஆர். சார் ரொம்ப நல்லாப் பேசுனார். ரெண்டு தடவை படிச்சார். நீங்களே எழுதுனதான்னு கேட்டார், ஆமாங்க சார், நானேதான் எழுதுனேன்னு சொல்லிட்டேன். தேங்க்ஸ் சொன்னாருப்பா." "தேங்க்ஸா?" "ஆமா. தெளிவா எழுதியிருக்கீங்க, இனி கமிட்டிக்கு வேலை சுலபம்னார்." அவளுக்கு அது நல்ல செய்தி. என் கையைப் பிடித்துக்கொண்டாள், அவள் கை சில்லென்று வேர்த்திருந்தது. "பசிக்குதுப்பா, கேண்டீன் போலாம் வாங்க. ரெண்டு நாளா ஒண்ணுமே எறங்கலை." நான் எழுந்தேன். கேண்டீன் இடது பக்கம். நான் வலது பக்கம் திரும்பினேன். "அங்க எங்கப்பா?" "மேல போலாம் வா அம்மிணி." "எதுக்கு?" "வா." அவள் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியதால் செக்யூரிட்டி ஒன்றும் சொல்லவில்லை. லிஃப்ட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். இரண்டாம் மாடி தாண்டும்போது சொல்லிவிட்டேன். நாற்பது வருடம் சொல்லாமல் வைத்திருந்தது, இரண்டே வாக்கியம்தான் இருந்தது. "எண்பத்து நாலுல கேட்டைப் பூட்டுனது அவனுங்க. நாங்க நிறுத்துனோம்னு நான்தான் பொய்யா எழுதுனேன்." அவள் என்னை விழித்துப் பார்த்தாள். "எந்தக் கேட்டுப்பா?" அவள் பிறப்பதற்கு நான்கு வருடம் முன்பு. மில்லே அவளுக்குத் தெரியாது, அடுக்குமாடி வீடுதான் தெரியும். லிஃப்ட் நின்றுவிட்டது.

எச்.ஆர். அதிகாரிக்கு முப்பது வயதிருக்கும், நிவாஸ் என்று சட்டையில் பெயர். எழுந்து நின்று நாற்காலி காட்டினான், மரியாதை தெரிந்த பிள்ளை. கடிதம் அவன் முன்னால்தான் இருந்தது. மஞ்சள் மையால் ஒரே ஒரு வார்த்தையின் மேல் கோடு இழுத்திருந்தான், தலைகீழாகப் பார்த்தே எனக்குத் தெரிந்தது எந்த வார்த்தை என்று. இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பற்றி நான் நினைத்தது தப்பு. "சொல்லுங்க ஐயா." "இந்த லெட்டரை எழுதுனது நானுங்க. அவ இல்ல." வாலன்டினா என் முழங்கையைத் தொட்டாள், அப்பா என்றாள் மெதுவாக. "அவ என்ன நடந்துச்சுன்னு சொன்னா. நான் அதை வேற மாதிரி எழுதிட்டேன்." அவன் கடிதத்தை ஒரு தடவை பார்த்தான், என் வேட்டியை, செருப்பை, சட்டைப்பையைப் பார்த்தான். "நீங்களா ஐயா? ரொம்ப நல்ல இங்கிலீஷ். சும்மா சொல்லலை, எங்க ஆபீஸ்லயே இப்படி எழுத ஆள் இல்லை." இந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை வருடம் எத்தனை ஆபீஸ் வாசலில் எதிர்பார்த்து நின்றிருக்கிறேன். ஒரு லேபர் ஆபீசர் சொன்னதில்லை, ஒரு மேனேஜர் சொன்னதில்லை. இவன் சொல்லிவிட்டான், உண்மையாகவே சொன்னான், சொல்லிவிட்டு மஞ்சள் கோட்டின் மேல் விரலை வைத்தான். "அப்போ இது தெரிஞ்சு போட்ட வார்த்தைதானே ஐயா? அர்த்தம் தெரியாமப் போட்டிருக்க மாட்டீங்களே." என் மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றுச் சாயங்காலம் கால் மணி நேரம் இந்த ஒரு வார்த்தைக்கு அவளிடம் பிரசங்கம் செய்தேன், அவளுக்குத் தெரியும். "தெரியாதுங்க சார்" என்றேன். சார் என்றேன். "நான் எட்டாவதுதான் படிச்சேன். அங்கங்க பாத்து எழுதறதுதான். முடியலைங்கறதுக்கு இதுதான் வார்த்தைன்னு நெனச்சுட்டேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க சார்." வாலன்டினா தலையைக் குனிந்துகொண்டாள்.

அவன் நாற்காலியில் சாய்ந்தான். நம்பினானா என்று தெரியவில்லை, நம்ப வேண்டிய அவசியமும் அவனுக்கு இல்லை. "சீல் போட்டதைத் திருப்பித் தர முடியாது ஐயா. வேணும்னா சிஸ்டர் இன்னொண்ணு எழுதிக் கொடுக்கட்டும். ரெண்டையும் சேர்த்துத்தான் அனுப்புவேன். கமிட்டி எதை எடுத்துக்கும்னு எனக்குத் தெரியாது." வெள்ளைத்தாள் ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினான். "இந்தத் தடவை நீங்களே எழுதுங்க சிஸ்டர்." அவள் எழுத ஆரம்பித்தாள். வார்டில் சார்ட் எழுதிப் பழகிய கை, எழுத்து சின்னதாக, நேராக வரும். பத்தொன்பது நோயாளிகள் என்று எழுதினாள், டிரிப் என்று எழுதினாள், மூச்சுத் திணறல் வந்தவரின் கட்டில் எண்ணை எழுதினாள். நான் எழுதிய கடிதத்தில் கட்டில் எண்ணே இல்லை. ஏன் இறங்கி வரமுடியவில்லை என்று எழுதவேண்டிய இடத்துக்கு வந்தாள், பேனா நின்றது. அங்கே இரண்டு வார்த்தை உண்டு, ஒன்று கையில் வேலை இருப்பது, ஒன்று உயிர் போகிற நேரத்தில் பக்கத்தை விட்டு நகரமுடியாமல் இருப்பது, இரண்டும் எனக்குத் தெரியும், நாக்கு நுனியில் நிற்கிறது. அவள் நிமிர்ந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. "சார், அப்படியே விட்டுட்டு வரமுடியாத நெலமைங்கறதுக்கு என்ன வார்த்தைங்க சார்?" அவன் யோசித்து ஒன்று சொன்னான். சரியான வார்த்தை இல்லை, பக்கத்து வார்த்தை, ஆனால் கெடுதல் செய்யாது. அவள் அதை எழுதிக்கொண்டாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், இங்கிலீஷ் தெரியாதவன் மாதிரி.